மலையூருக்குக் குடிநீரும் மருத்துவமும்: தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, கொல்லிமலை, சத்தியமங்கலம், கூடலூர் என எந்தப் பக்கம் போனாலும் பழங்குடிக் குடியிருப்பின் ஓரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி நின்றுகொண்டிருக்கும். பல இடங்களில் அதில் தண்ணீர் இருக்காது. மோட்டார் எரிந்திருக்கும், குழாயை யானை பிடுங்கியிருக்கும், அல்லது சித்திரை வந்ததும் ஊற்றே வற்றியிருக்கும். கொஞ்சம் தள்ளி, பூட்டிய துணை சுகாதார நிலையம் ஒன்றும் இருக்கலாம். இரண்டையும் கட்டியவர்கள் வேலையை முடித்துவிட்டதாகத்தான் நினைத்திருப்பார்கள்.

இது மலைப்பகுதியில் வேலை செய்யப்போகும் தன்னார்வலர்கள், ஊராட்சி உறுப்பினர்கள், இளம் மருத்துவர்கள், ஆசிரியர்கள் ஆகியோருக்காகவும், தங்கள் ஊருக்கு ஏதாவது செய்ய நினைக்கும் பழங்குடி இளைஞர்களுக்காகவும் எழுதியது. தமிழ்நாட்டு மலைகளை மனதில் வைத்தே எழுதுகிறேன். தேவைப்படும் இடத்தில் ஒடிசாவிலும் மகாராஷ்டிராவிலும் நடந்ததைச் சேர்த்துக்கொள்கிறேன். எல்லாப் படிகளுக்கும் முன்னால் ஒரே ஒரு விதி: பார்த்துக்கொள்ளப்போகிறவர் யார் என்று தெரியாமல் எதையும் கட்டாதீர்கள். அவர் அந்த ஊர்க்காரராக இருக்க வேண்டும், அவருக்குச் சம்பளமும் இருக்க வேண்டும்.

1. முதலில் உட்கார்ந்து பேசுங்கள்

முதல் தடவை போகும்போதே படிவத்தை நீட்டாதீர்கள். ஏற்கெனவே பல பேர் வந்து பெயர் எழுதிக்கொண்டு போயிருப்பார்கள், ஒன்றும் நடந்திருக்காது. மூப்பனையோ ஊர்த்தலைவரையோ பார்த்துப் பேசுவது மரியாதை. ஆனால் அதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான் கிடைக்கும். தண்ணீர் சுமப்பது பெண்கள். எந்த ஊற்று எந்த மாதம் வற்றும், எந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, எங்கே அட்டைப்பூச்சி அதிகம் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். பெண்களோடு தனியாக, மாலையில், வேலை முடிந்து வந்தபின் பேசுங்கள். காப்பி பறிப்பு, தேன் எடுப்பு, நெல்லிக்காய் சேகரிப்பு நடக்கும் நாட்களில் பகலில் கூட்டம் போட்டால் நாய்களும், நடக்க முடியாத பாட்டிகளும்தான் வருவார்கள்.

இன்னொன்று. கிராம சபை பெரும்பாலும் ஊராட்சியின் பெரிய ஊரில் நடக்கும். மலைக் குடியிருப்பு அங்கிருந்து வெகு தூரம். அதனால் தீர்மானப் புத்தகத்தில் இந்தக் குடியிருப்பின் பெயரே வராமல் வருஷங்கள் ஓடியிருக்கும். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். குடிநீர்க் கோரிக்கையை வைக்க அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. அன்றைக்கு ஊரோடு ஒரு வண்டி பிடித்துப் போய், கோரிக்கை தீர்மானமாக எழுதப்படும்வரை அங்கேயே இருங்கள். வாய்ப்பேச்சாகச் சொல்லிவிட்டு வந்தால் அது கணக்கில் வராது.

2. ஒரு நோட்டு, ஒரு வாளி, ஒரு கடிகாரம்

பெரிய ஆய்வெல்லாம் வேண்டாம். எத்தனை வீடு, எத்தனை பேர், ஐந்து வயதுக்குக் கீழ் யார் யார், கர்ப்பிணிகள் யார், நெடுநாள் இருமல் உள்ளவர் யார், கடந்த இரண்டு ஆண்டில் யார் இறந்தார், எங்கே, எதனால். கடைசிக் கேள்வியைப் பக்குவமாகக் கேளுங்கள். ஆனால் விட்டுவிடாதீர்கள். வீட்டிலேயே இறந்த பச்சிளங்குழந்தைகள் எந்த அரசுப் பதிவேட்டிலும் இல்லாமல் போவது மலையில் சாதாரணமாக நடக்கிறது.

அப்புறம் தண்ணீர். ஊற்றின் வாயில் 20 லிட்டர் வாளியைப் பிடித்து, நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். இரண்டு நிமிடத்தில் நிரம்பினால் நிமிடத்துக்கு 10 லிட்டர், ஒரு நாளைக்கு 14,400 லிட்டர். வீட்டுக்கு வீடு குழாய்க் குடிநீர் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். 40 வீடு, 180 பேர் என்றால் 9,900 லிட்டர் வேண்டும். தாராளமாகப் போதும் என்று தோன்றும். ஆனால் அந்த அளவு மார்கழியில் எடுத்ததாக இருந்தால் உபயோகமில்லை. சித்திரையில் அதே வாளி நிரம்ப நான்கு நிமிடம் ஆனால் கிடைப்பது 7,200 லிட்டர், ஆளுக்கு 40. திட்டம் போட வேண்டியது இந்த எண்ணை வைத்து. மலைக் குடிநீர்த் திட்டங்கள் வீணாவதற்கு மோசமான சிமெண்டைவிட மழைக்காலத்தில் எடுத்த அளவுதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம். பொறியாளர் மார்கழியில்தான் வருவார் என்றால், சித்திரை அளவை நீங்களே எடுத்துத் தேதி போட்டுக் கையில் வைத்திருங்கள்.

3. எந்தத் தண்ணீர்?

மலையில் ஊற்று இருந்தால் ஆழ்துளைக் கிணற்றை யோசிக்கவே வேண்டாம் என்று சொல்வேன். ஊற்று மேலே, ஊர் கீழே என்றால் தண்ணீர் தானாக இறங்கி வரும். மின்சாரம் வேண்டாம், மோட்டார் வேண்டாம். ஆழ்துளைக் கிணற்றுக்கு ரிக் வண்டி ஏற வழி வேண்டும், பாறையில் தண்ணீர் கிடைக்குமா என்பது அதிர்ஷ்டம், மோட்டார் பழுதானால் கீழேயிருந்து மெக்கானிக் வர வேண்டும். ஊற்று ஊருக்குக் கீழே இருந்தால் மட்டும் சூரிய சக்தி பம்ப் நல்ல வழி.

தண்ணீரைச் சோதிக்காமல் குழாய் போடாதீர்கள். மலை ஊற்றுகளில் பெரும்பாலும் பிரச்சினை கிருமிதான். மாட்டுச் சாணம், மனிதக் கழிவு, மழையில் அடித்து வரும் மண். அடிவாரத்துக்கு இறங்கினால் கதை மாறும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளோரைடு பழைய தலைவலி. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஃபுளோரைடை லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்கிறது, வேறு ஆதாரமே இல்லையென்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. ஃபுளோரைடு காய்ச்சினாலும் போகாது. கிருமிக்கு அளவே கிடையாது: 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலை என்ற மலக் கிருமி ஒன்றுகூட இருக்கக்கூடாது.

ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியைப் பயன்படுத்தப் பயிற்சி தர வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் ஊராட்சியில் அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். கிருமிச் சோதனைக் குப்பியில் தண்ணீரை ஊற்றி ஓரிரு நாள் வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால், கெட்ட தண்ணீர் கறுப்பாகிவிடும். இதை ஊர்க் கூட்டத்தின் நடுவில் வைத்துச் செய்யுங்கள். கிருமியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவதைவிட, தாங்கள் தினமும் குடிக்கும் தண்ணீர் கறுப்பாவதைக் கண்ணால் பார்ப்பது வேலை செய்யும்.

4. வனத்துறை அனுமதி

இங்கேதான் பல நல்ல திட்டங்கள் படுத்துவிடுகின்றன. ஊற்று காப்புக்காட்டுக்குள் இருக்கும். குழாய் போட வனத்துறை ஒப்புக்கொள்ளாது, ஒன்றிய அலுவலகம் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடும். இதற்கு 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. அதன் 3(2) பிரிவு பதின்மூன்று வகையான ஊர் வசதிகளுக்கு வன நிலத்தைத் தர அனுமதிக்கிறது. குடிநீர் வழங்கலும் தண்ணீர்க் குழாயும் மருந்தகமும் அங்கன்வாடியும் சாலையும் அந்தப் பட்டியலில் உண்டு. நிபந்தனைகள்: ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது, கிராம சபையின் பரிந்துரை வேண்டும். முடிவெடுக்கும் அதிகாரம் மாவட்ட வன அலுவலருக்கே உண்டு. டெல்லிக்குப் போகத் தேவையில்லை.

ஆகவே மனுவில் "தண்ணீர் வேண்டும்" என்று மட்டும் எழுதாமல், "வன உரிமைச் சட்டம் பிரிவு 3(2)-இன் கீழ்" என்று எழுதுங்கள். கிராம சபைத் தீர்மானத்தில் குழாய் போகும் பாதை, நீளம், வெட்ட வேண்டிய மரங்களின் எண்ணிக்கை எல்லாம் இருக்கட்டும். பெரும்பாலும் வெட்ட வேண்டியது பூஜ்யமாகத்தான் இருக்கும், அதையும் எழுதுங்கள். வனச்சரகரை முன்பே பார்த்துப் பேசி, பாதையை அவரோடு நடந்து காட்டிவிடுவது நல்லது. சட்டத்தைக் காட்டி மிரட்டுவதைவிட, கூட நடந்து காட்டுவதில் காரியம் சீக்கிரம் நடக்கும்.

பணத்தைப் பொறுத்தவரை, ஜல் ஜீவன் திட்டத்தில் மலை, வனப் பகுதிகளுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் பாதிக்கு மேல் உள்ள ஊர்களுக்கும் மக்கள் பங்கு 5 சதவீதம்தான். மற்ற ஊர்களுக்கு 10. அதையும் உழைப்பாகத் தரலாம். குழாய்க்குக் குழி வெட்டுவது ஊரின் பங்கு என்று எழுதிக்கொண்டால் பலருக்குக் கையிலிருந்து காசே போகாது. பழங்குடிகளிலும் மிகவும் நலிந்தவர்கள் என்று தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோரை வகைப்படுத்தியிருக்கிறார்கள். 2023 நவம்பரில் தொடங்கிய பி.எம். ஜன்மன் திட்டம் இவர்களுக்கானது. வீடு, சாலை, குடிநீர், நடமாடும் மருத்துவக் குழு எல்லாம் அதில் வருகின்றன. மாவட்டப் பழங்குடியினர் நலத் திட்ட அலுவலரிடம் உங்கள் குடியிருப்பின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அதுவே உங்கள் முதல் மனு.

5. ஊற்றுப் பெட்டி கட்டுவது

ஊற்று பல இடங்களில் சாமி இடம். மூப்பனைக் கேட்காமல் கடப்பாரை போடாதீர்கள். பூசை செய்ய வேண்டும் என்றால் செய்யட்டும். ஊருக்கும் அந்த ஊற்றுக்கும் உள்ள உறவுதான் பிற்காலத்தில் அதைக் காப்பாற்றும்.

தண்ணீர் வெளியே தெரியும் இடத்தில் தொட்டி கட்டாமல், பாறையிலிருந்து கசியும் கண் வரைக்கும் பின்னோக்கித் தோண்டிப் போங்கள். அங்கே கழுவிய ஜல்லியை நிரப்பி, முன்னால் கல், சிமெண்டில் பெட்டி கட்டி, மேலே மூடி போட்டுப் பூட்டுங்கள். ஒரு முக்கியமான விஷயம்: பெட்டிக்குள் தண்ணீர் மட்டம் ஊற்றுக்கண்ணுக்கு மேலே ஏறக்கூடாது. வழிவுக் குழாயைக் கண்ணுக்குக் கீழே வையுங்கள். நிறையத் தேக்கிவிடலாம் என்று ஆசைப்பட்டு மட்டத்தை உயர்த்தினால், எதிர் அழுத்தம் தாங்காமல் ஊற்று வேறு வழி தேடிக்கொள்ளும். பெட்டி காய்ந்து கிடக்க, பத்தடி தள்ளிப் புதிதாக ஈரம் கசியும். அதைத் திரும்பக் கூப்பிட முடியாது.

மேல்புறம் மழைநீரைத் திருப்ப ஒரு வாய்க்கால், சுற்றிலும் மாடு ஏறாத வேலி. கழிப்பறைக் குழி ஊற்றுக்கு மேட்டில் இருக்கவே கூடாது, குறைந்தது 30 மீட்டர் தள்ளி, பள்ளத்தில் இருக்க வேண்டும். வழிந்து வரும் தண்ணீரைக் கொஞ்சம் தள்ளி ஒரு குட்டையில் விடுங்கள். காட்டு விலங்குகளுக்கும் அந்த ஊற்றுதான் குடிநீர். அவற்றின் பங்கை அடைத்துவிட்டால் பெட்டியை உடைத்து எடுத்துக்கொள்ளும்.

குழாய் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். எச்.டி.பி.இ. என்ற கெட்டி பிளாஸ்டிக் குழாயை ஒரு மீட்டர் ஆழத்தில் புதைக்க வேண்டும். மேலாகக் கிடந்தால் யானை, காட்டுப்பன்றி, காட்டுத்தீ மூன்றுக்கும் இரை. பாறை வருவதால் புதைக்க முடியாத இடத்தில் மட்டும் இரும்புக் குழாய். ஒவ்வொரு 10 மீட்டர் இறக்கத்துக்கும் ஒரு கிலோ அழுத்தம் கூடும். 6 கிலோ தாங்கும் குழாய் 60 மீட்டர் இறக்கம்வரைதான் தாங்கும். அதற்கு மேல் இறக்கம் இருந்தால் நடுவில் அழுத்தம் குறைக்கும் சிறு தொட்டி கட்டித்தான் ஆக வேண்டும். பாதை மேடேறும் இடங்களில் காற்று வெளியேறும் வால்வு, பள்ளங்களில் வண்டல் கழுவும் வால்வு. இந்த இரண்டையும் மதிப்பீட்டிலிருந்து வெட்டிவிடுவார்கள். விடாதீர்கள். காற்று அடைத்தால் ஊற்றில் தண்ணீர் இருந்தும் ஊருக்கு வராது, எல்லோரும் ஊற்றைத்தான் குறை சொல்வார்கள்.

பெட்டியிலிருந்து வரும் தண்ணீர் ஊருக்கு மேலே ஒரு 10,000 லிட்டர் தொட்டியில் சேரட்டும். இரவெல்லாம் சேர்ந்தால் காலையில் எல்லோருக்கும் கிடைக்கும்.

எல்லா வீட்டுக்கும் குழாய். இதில் சமரசம் கூடாது. ஒடிசாவில் கிராம் விகாஸ் என்ற அமைப்பு 1992 முதல் இப்படித்தான் செய்தது: ஊரில் ஒரு குடும்பம் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் வேலை தொடங்காது. குடும்பத்துக்குச் சராசரி 1,000 ரூபாய் என்று பொது நிதி சேர்த்தார்கள். வசதியுள்ளவர் கூடக் கொடுப்பார், இல்லாதவர் குறைவாகக் கொடுப்பார். அந்த நிதியின் வட்டி, பின்னால் தனிக்குடித்தனம் போகும் புதுக் குடும்பங்களுக்கு இதே வசதியைச் செய்துதரப் பயன்பட்டது. மூன்று வீட்டை விட்டுவிட்டுத் தொடங்கினால், அந்த மூன்று வீட்டுக்காரர்கள் அதே திறந்த ஓடைக்குத்தான் போவார்கள். வயிற்றுப்போக்கு அங்கிருந்து எல்லோருக்கும் வரும்.

6. குளோரின்: ருசிச் சண்டை

தொட்டித் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கலப்பது 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்ற கணக்கு. 10,000 லிட்டர் தொட்டிக்கு 25 கிராம். நேராகத் தொட்டியில் கொட்டக்கூடாது. வாளியில் கொஞ்சம் தண்ணீரோடு கூழாகக் கரைத்து, மேலும் தண்ணீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் தெளிய விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். அடியில் தங்குவது சுண்ணாம்பு. ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து விடலாம். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். குளோரின் அளவு காட்டும் சிறு கருவியான குளோரோஸ்கோப்பில் பார்த்தால் நிறம் சொல்லிவிடும். மூட்டையைத் திறந்து மாதக்கணக்கில் ஈரத்தில் வைத்த பவுடருக்கு வீரியம் இருக்காது. எவ்வளவு போட்டாலும் கடைசிக் குழாயில் ஒன்றும் தெரியவில்லை என்றால் பவுடர் செத்துவிட்டது. கலங்கிய தண்ணீரிலும் குளோரின் வேலை செய்யாது, முதலில் தெளிய வைக்க வேண்டும்.

சரி, இதெல்லாம் செய்தாலும் ஊர் சொல்லும்: "மருந்து வாசனை அடிக்குது, குடிக்க முடியலை." ஊற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த நாக்குக்கு அது உண்மையான குறை. அதட்டாதீர்கள். அளவைக் குறைவாகத் தொடங்கி, 0.2-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டு, குடிப்பதற்கு எடுக்கும் தண்ணீரைப் பானையில் சில மணி நேரம் மூடி வைத்தால் வாசனை குறையும் என்று சொல்லுங்கள். ஒரேயடியாக ஒப்புக்கொள்ளாத வீட்டுக்குக் காய்ச்சிக் குடிப்பதுதான் வழி. நன்றாகக் கொதி வந்து ஒரு நிமிடம் போதும், 2,000 மீட்டருக்கு மேலுள்ள ஊர்களில் மூன்று நிமிடம்.

தொட்டியை மாதம் இருமுறை கழுவித் தேதியை அதன் மேலேயே எழுத வேண்டும். இந்த வேலைக்கு ஊராட்சி நியமிக்கும் தொட்டி இயக்குபவர் அந்தக் குடியிருப்பைச் சேர்ந்தவராக இருக்கும்படி தொடக்கத்திலேயே தீர்மானம் போட்டுக்கொள்ளுங்கள். அடிவாரத்திலிருந்து வர வேண்டியவர் மழையில் வரமாட்டார், அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

7. ஊருக்குள் ஒரு சுகாதாரப் பணியாளர்

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில் 3,000 பேருக்கு ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையம் முறையே 30,000, 20,000. சலுகைபோலத் தெரியும். ஆனால் 3,000 பேர் முப்பது குடியிருப்புகளில் சிதறி, நடுவில் காடும் ஆறும் இருந்தால் ஒரு செவிலியர் என்ன செய்வார்? ஆகவே ஊருக்குள்ளேயே ஒருவர் வேண்டும். தமிழ்நாட்டில் ஆஷா என்ற அரசுத் திட்டத்தின் கிராம சுகாதாரப் பணியாளர்கள் பெரும்பாலும் மலை, பழங்குடிப் பகுதிகளில்தான் இருக்கிறார்கள். உங்கள் குடியிருப்புக்கு ஒருவர் இருந்தால் அவரோடு சேருங்கள். இல்லையென்றால் ஊரே ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்கட்டும். கல்யாணமாகி ஊரோடு இருக்கும், மற்றப் பெண்கள் மனம் விட்டுப் பேசும் ஒருவர். படிப்பு குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.

படிப்பு பெரிய தடையில்லை என்பதற்கு கட்சிரோலி சாட்சி. மகாராஷ்டிராவின் அந்த மாவட்டத்தில் மருத்துவத் தம்பதி அபய் பங், ராணி பங் 1986 முதல் வேலை செய்கிறார்கள். கிராமத்துப் பெண்களுக்கே பச்சிளங்குழந்தைப் பராமரிப்பைக் கற்றுக்கொடுத்து 39 ஊர்களில் வீடு வீடாக அனுப்பினார்கள். பிறந்த 28 நாளுக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 62 என்றிருந்தது மூன்றாவது ஆண்டில் 25 அளவுக்கு இறங்கியது. 1999-இல் லான்செட் மருத்துவ இதழில் அது வெளியானது. இன்று நாடு முழுவதும் ஆஷாக்கள் குழந்தை பிறந்த வீட்டுக்கு 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் போவது அங்கிருந்து வந்த வழக்கம்.

நம் பக்கத்தில் தர்மபுரி மாவட்டம் சிட்டிலிங்கி. மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993-இல் ஒரு குடிசையில் தொடங்கினார்கள். வெளியிலிருந்து செவிலியர் வருவார் என்று காத்திருக்காமல் அந்தப் பள்ளத்தாக்கின் பெண்களையே பயிற்றுவித்தார்கள். கூடலூரிலும் அப்படியே. அங்கே 1990-இல் தொடங்கிய பழங்குடி மருத்துவமனையில் செவிலியர்களாக நின்றது பழங்குடிப் பெண்கள். பணியர் பாட்டி ஒருவர் வலியைத் தன் மொழியில் சொல்ல, எதிரில் இருப்பவருக்கு அது புரிகிறது. எந்தக் கருவியும் இதற்கு ஈடில்லை.

அந்தப் பெண்ணுக்கு என்ன கற்றுத்தர வேண்டும்? நிறைய வேண்டாம். இவ்வளவு போதும்:

பிறந்த குழந்தை பால் குடிக்கவில்லை, உடம்பு சில்லிட்டிருக்கிறது, வலிப்பு, மார்பு உள்வாங்கல், நிமிடத்துக்கு 60 மூச்சு அல்லது அதற்கு மேல் என்றால் உடனே மருத்துவமனை. மூச்சு எண்ணுவதற்குக் கைக்கடிகாரம் போதும். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை 50, ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40 எல்லைக்கோடு. முழு நிமிடமும் எண்ண வேண்டும். பாதி எண்ணி இரட்டிப்பாக்கும் பழக்கம் குழந்தைகளிடம் ஏமாற்றும்.

வயிற்றுப்போக்கு என்றால் ஓ.ஆர்.எஸ்., கூடவே துத்தநாக மாத்திரை. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 10, பதினான்கு நாள். போக்கு நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். தொடரச் சொல்ல வேண்டும். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு மட்டக் கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. கரண்டி என்றால் தேக்கரண்டி. உப்பு கூடினால் ஆபத்து. தாய்ப்பாலையும் கஞ்சியையும் நிறுத்தக்கூடாது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை. காசநோய் என்று உறுதியானால் மருந்து இலவசம், சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். கணக்கு இல்லாதவருக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுப்பதும் இந்தப் பணியாளரின் வேலைதான்.

சம்பளத்தைப் பற்றிக் கூச்சப்படாமல் பேசிவிடுங்கள். "சேவை" என்று சொல்லி ஓர் ஏழைப் பெண்ணிடம் இலவசமாக வேலை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு நாள் தோட்டக் கூலியை விட்டுவிட்டு அவர் வீடு வீடாகப் போகிறார்.

8. அரிவாள் அணு நோய்

இந்தியாவில் சிக்கிள் செல் எனப்படும் இந்தப் பரம்பரை ரத்தசோகை முதன்முதலில் கண்டறியப்பட்டது 1952-இல், நீலகிரிப் பழங்குடிகளிடம். இருளர், பணியர், குறும்பர் குடும்பங்களில் இன்றும் இருக்கிறது. தாய் தந்தை இருவரும் மரபணுவைத் தாங்கியவர்கள் என்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு குழந்தைக்கு நோய் வருவதற்கு.

தண்ணீர் வேலையும் மருத்துவ வேலையும் இங்கே நேராகச் சந்திக்கின்றன. உடம்பில் நீர் வற்றினால் சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்து நுண்குழாய்களை அடைத்துக்கொள்ளும். எலும்பைப் பிழியும் வலி வரும். கோடையில் மூன்று கிலோமீட்டர் நடந்து குடம் சுமக்கிற வீட்டில், இந்த நோய் உள்ள பிள்ளை தாகத்துக்கே அளந்துதான் குடிக்கும். வீட்டு வாசலில் குழாய் வருவது அந்தப் பிள்ளைக்கு மருந்துக்குச் சமம். குளிரும் காய்ச்சலும்கூட வலியைக் கிளப்பும். கம்பளி, காய்ச்சல் வந்த அன்றே மருத்துவமனை, தினமும் ஃபோலிக் அமிலம், மருத்துவர் சொன்னால் ஹைட்ராக்ஸியூரியா. வெளுத்திருக்கிறார்கள் என்பதற்காக இரும்புச்சத்து மாத்திரையைத் தாமாகக் கொடுக்கக்கூடாது. முதலில் எந்த வகைச் சோகை என்று தெரிய வேண்டும்.

2023 ஜூலை 1-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் 40 வயதுவரை உள்ளவர்களுக்கு இலவசப் பரிசோதனை உண்டு. முகாமுக்கு ஊரை அழைத்துப் போங்கள். ஆனால் முடிவுகளைக் கூட்டத்தில் வாசிக்காதீர்கள். "அந்த வீட்டுப் பெண்ணுக்கு ரத்தத்தில் கோளாறு" என்று பெயர் வந்துவிட்டால் அவள் கல்யாணம் நின்றுபோகும். பையனுக்கும் அதே மரபணு இருக்கலாம், அவனை யாரும் கேட்கமாட்டார்கள். ஒவ்வொருவரிடமும் தனியாக, தாங்கியவர் வேறு, நோயாளி வேறு என்பதைப் பொறுமையாக விளக்க வேண்டும்.

9. மலையிலிருந்து மருத்துவமனைக்கு

வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் 2023 மே மாதம் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை மருத்துவமனை சேருமுன் இறந்தது. சரியான சாலை இல்லாததால் உடலையும் தாயே சுமந்துகொண்டு ஊர் திரும்ப வேண்டியிருந்தது. இந்தியாவின் பாம்புக்கடி மருந்துக்குத் தேவையான நஞ்சில் பெரும்பகுதியை எடுத்துத் தருவது வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். பழங்குடிகள் பிடித்துக் கொடுத்த நஞ்சிலிருந்து செய்த மருந்து இன்னொரு மலையின் பழங்குடிக் குழந்தைக்கு நேரத்தில் கிடைக்கவில்லை என்பதை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

சாலை வரும்வரை காத்திருக்க முடியாது. கம்பில் கட்டும் தூளி ஒன்று எப்போதும் தயாராக இருக்கட்டும், தூக்குவதற்கு முறைவைத்து எட்டுப் பேர், அலைபேசி சிக்னல் கிடைக்கும் பாறை எது என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும். 108 எந்த இடம்வரை வரும் என்று ஓட்டுநரிடமே பேசி முடிவு செய்யுங்கள். மழைக்காலத்துக்கு ஒரு இடம், கோடைக்கு ஒரு இடம். பாம்பு கடித்தால் இறுகக் கட்டக்கூடாது, கீறக்கூடாது, நடக்க விடக்கூடாது. கடித்த நேரத்தை எழுதிக்கொண்டு கிளம்ப வேண்டும். எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் நஞ்சு முறிவு மருந்து இருப்பு இருக்கிறது என்று மழைக்கு முன்பே கேட்டு வையுங்கள். கர்ப்பிணிகளை, தேதிக்கு ஒரு வாரம் முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்தின் பிரசவக் காத்திருப்பு அறைக்கு அனுப்பலாம். ஆனால் வீட்டில் உள்ள மூத்த பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் யாரும் போகமாட்டார்கள். அந்தப் பதிலை ஊரோடு பேசித் தேடுவதும் இந்தப் படியில் அடக்கம்.

மருத்துவமனைக்கு வர மறுப்பதை "அறியாமை" என்று எழுதிவிடுவது சுலபம். கூட வந்தவருக்குச் சாப்பாடில்லை, படுக்க இடமில்லை, கூலி போச்சு, கவுன்டரில் ஒருமையில் பேசினார்கள். யாருக்குத்தான் வரத் தோன்றும்? கட்சிரோலியில் மருத்துவமனையைக் குடிசைகள் கொண்ட ஊர்போலவே அமைத்து, உறவினர் உடன் தங்க இடம் வைத்து, மக்களின் தெய்வமான தந்தேஸ்வரியின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அரசு மருத்துவமனையில் அவ்வளவு முடியாது. ஆனால் ஊர்மொழி தெரிந்த ஒருவர் வாசலில் நின்று சீட்டு வாங்குவது முதல் மருந்து வாங்கும்வரை கூடவே இருக்கலாம். செலவு மிகக் குறைவு, பலன் மிக அதிகம்.

காகிதங்களையும் நோய் வருமுன்பே சரிசெய்யுங்கள். குடும்ப அட்டை, ஆதார், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை. பழங்குடிச் சாதிச் சான்று கோட்டாட்சியர் தர வேண்டியது, அதற்கு நாளாகும். கூடலூரில் 1992 முதலே பழங்குடிச் சங்க உறுப்பினர்களுக்குக் குழுக் காப்பீடு நடத்தியிருக்கிறார்கள். சிறு தொகையானாலும் தாங்களே கட்டியதால், மருத்துவமனையில் கேட்டு வாங்கும் தைரியம் வந்தது.

10. ஓட வைப்பது

வீட்டுக்கு மாதம் ஒரு சிறு தொகை, தண்ணீர்க் குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு, கையெழுத்துப் போடும் இருவரில் ஒருவராவது பெண். குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது திட்ட விதியும்கூட. கணக்கை மாதாமாதம் ஊர்க் கூட்டத்தில் வாசியுங்கள். உதிரிபாகங்கள் ஊரிலேயே இருக்க வேண்டும்: குழாய் இணைப்பான்கள், இரண்டு வால்வு, சில மீட்டர் குழாய், ரம்பம், ஸ்பேனர். இருபது ரூபாய் வாஷருக்காக அடிவாரம் போக இருநூறு ரூபாய் ஜீப் செலவு என்றால் குழாய் ஒழுகிக்கொண்டேதான் இருக்கும்.

தண்ணீர்ச் சோதனை கிருமிக்கு ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும். ரசாயனத்துக்கு ஒருமுறை. வாளியும் கடிகாரமும் வைத்து ஊற்றை அளப்பது ஒவ்வொரு மாதமும். சுகாதாரப் பணியாளரின் நோட்டில் வயிற்றுப்போக்கு எத்தனை பேருக்கு என்று மாதவாரியாக இருக்கும். தொட்டிக்காரரின் நோட்டில் குளோரின் போட்ட தேதிகள் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த வாரம் பவுடர் போடவில்லை என்பது பல நேரம் முதல் நோட்டிலேயே தெரிந்துவிடும்.

இரண்டு வேலைக்கும் தொடக்கத்திலிருந்தே இரண்டு பேரைப் பழக்குங்கள். ஒருவர் திருப்பூருக்கு வேலைக்குப் போவார், ஒருவர் வாழ்க்கைப்பட்டு வேறு மலைக்குப் போவார். இரண்டாமவருக்கும் வால்வு எங்கே புதைந்திருக்கிறது என்று தெரியும்படி, குழாய்ப் பாதையின் வரைபடத்தைத் தொட்டிச் சுவரிலேயே பெயின்டில் வரைந்துவிடுங்கள். காகிதத்தில் இருந்தால் கரையான் தின்றுவிடும்.